மேம்பாலத்தில் வரைந்த மலைப்பாதை

அய்யம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மலையில் பிறந்தவனுக்கு அது பழக்கதோஷம். இலங்கையில் எங்கள் கொஸ்லந்தைப் பக்கம் எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதாவது ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதை வைத்துத்தான் நாங்கள் திசையும் பார்ப்போம், மழையும் பார்ப்போம். இங்கே நாலு பக்கமும் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு மேலே வெறும் வானம். பூமிக்கு யாரோ இஸ்திரி போட்டு வைத்த மாதிரி இருந்தது.

"என்ன தம்பி, எதைத் தேடுறீங்க?" என்று கேட்டபடி வந்தார் ஜபருல்லா பாய்.

"மலையை."

"அது இல்லாததாலதானே உங்களைக் கூப்பிட்டிருக்கோம்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பாயும் நானும் சார்ஜாவில் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் சேர்ந்து சைக்கிள் மிதிப்போம். பிறகு அவர் ஊருக்குத் திரும்பி பெயிண்ட் கடை வைத்தார், நான் திரும்பி டயர் கடை வைத்தேன். இரண்டு பேரையும் சைக்கிள் விடவில்லை. பாய் தன் ஊரில் காலை நேரச் சைக்கிள் குழு ஒன்று சேர்த்திருக்கிறார். நானும் நாலு நண்பர்களும் எங்கள் ஊரில் புதிதாக ஒரு மலைச் சைக்கிள் ஓட்டம் நடத்தப் போகிறோம். வீரர்களுக்கான போட்டி இல்லை அது. கடைக்காரர், வாத்தியார், வங்கியில் வேலை பார்ப்பவர் என்று நம்மைப் போல ஆசைக்கு மிதிப்பவர்களுக்கானது. பாயின் குழுவும் கடல் தாண்டி வருவதாகச் சொல்லியிருந்தது.

எந்த வழியாக ஓடுவது என்பதில்தான் இழுபறி. பண்டாரவளையில் கிளம்பி, மெல்ல மெல்ல ஏறி ஹப்புத்தளையைத் தொட்டு, அங்கிருந்து பெரகலை வழியாக வளைந்து வளைந்து இறங்கி எங்கள் ஊரில் வந்து முடிக்க வேண்டும் என்பது என் யோசனை. காரணம் சொல்கிறேன். எங்கள் ஊர் வழியாகத்தான் எல்லா பஸ்ஸும் போகும், ஆனால் யாரும் இறங்க மாட்டார்கள். டிரைவர் டீ குடிப்பதற்குக்கூட அடுத்த ஊர்தான். ஒரு நாளாவது ஊர் பேர் தெரியாத நூறு பேர் எங்கள் கடைத்தெருவில் வந்து நின்று, அப்பாடா என்று மூச்சுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையோடு நிறுத்தவில்லை. ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவேற்புக்குப் பாண்டு வாத்தியம் பழகிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மல்லிகா மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டாள்.

குறுக்கே நின்றவன் நிமல். எங்கள் ஐவரில் அவன்தான் சந்தேகப் பிராணி. சிங்களத்தில் அவன் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உன் தட்டையூர் சிநேகிதர்கள் இரண்டாவது ஏற்றத்திலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பண்டாரவளையையே சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும்." அப்படிச் செய்தால் எங்கள் ஊர் பக்கமே ஓட்டம் வராது. கடைசியில் ஓர் உடன்பாடு ஆயிற்று. நான் நேரில் போய் அவர்கள் மிதிப்பதைப் பார்க்க வேண்டும். நான் வந்து சொல்வதுதான் பாதை. நான் ஜெயித்த மாதிரியே விமானம் ஏறினேன்.

பாய் வீட்டில் காலைச் சாப்பாடு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். கடைசியில் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலாப்பம் வந்தது. "இது எங்க ஊர்ப் பண்டமாச்சே," என்றேன். உள்ளேயிருந்து பாயின் மனைவி, "அப்படியா? எங்க உம்மா கத்துக்குடுத்தது எங்க ஊர்ப் பண்டம்தாங்க," என்றார். சண்டை போட இடமில்லாமல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பிறகு கும்பகோணத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் பித்தளை டபராவில் காபி வாங்கிக் கொடுத்தார் பாய். தேயிலைத் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். முதல் மடக்கில் துரோகம் செய்வது போல இருந்தது. மூன்றாவது மடக்கில் அந்த உறுத்தல் போய்விட்டது.

அங்கேதான் தேன்மொழியைச் சந்தித்தேன். பாயின் குழுவில் காலில் பலம் அதிகம் யாருக்கு என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது அவரைத்தான். கணவர் குவைத்தில். இவர் குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவையும் சம்பாவும் பார்க்கிறார். வயலுக்குப் போக வாங்கிய சைக்கிள், அதற்கப்புறம் பிடித்துப்போன சைக்கிள்.

"எங்க ஊர்லயும் மலை இருக்குண்ணே. வாங்க, காட்டுறேன்," என்றார்.

காட்டியது சுவாமிமலை. ஆட்கள் மண்ணும் கல்லும் சுமந்து கட்டிய மலை. மேலே முருகன். மூச்சு வாங்காமல் படியேறி முடித்துவிட்டு, "இதுக்குப் பேர் மலையா?" என்று சிரித்தேன்.

"சாமியே மலைன்னு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கார். உங்களுக்கு என்ன?" என்றார் தேன்மொழி.

வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன். வெளிப்பிராகாரத்தில் நின்று பார்த்தபோது தென்னந்தலைகள் மட்டத்துக்கு நாங்கள் இருந்தோம். நிஜ மலை மேல் நின்றால் என்ன தெரியும் என்று கேட்டார். மேகம் காலுக்குக் கீழே தெரியும் என்றேன். அவர் அதை நம்பாதது போல என்னைப் பார்த்தார். "சம்பாவுக்கு நாத்து விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துரணும்ணே. வயலப் பாத்துக்க நாத்தனாகிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

மறுநாள் தரங்கம்பாடி வரை போய் வருவது என்று ஏற்பாடு. ஆடி மாதம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது, வாய்க்கால்கள் எல்லாம் நிறைந்து ஓடின. எனக்குப் பாய் தன்னுடைய இரண்டாவது சைக்கிளைக் கொடுத்தார். கிளம்பியதிலிருந்தே நான்தான் முன்னால். மிதிக்கவே வேண்டாம் போல இருந்தது, சைக்கிள் தானாக ஓடியது. பின்னால் வருபவர்கள் பேசிக்கொண்டே அசமந்தமாக வந்தார்கள். நிமல் சொன்னது சரியோ என்று ஒரு கவலைகூட வந்தது. நின்று நின்று அவர்களுக்காகக் காத்திருந்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தரங்கம்பாடியில் கோட்டைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் வஞ்சிரம் வறுவல். எங்கள் மலைக்கு மீன் வந்து சேர்வதற்குள் அது கடலையே மறந்திருக்கும். அன்று காலை பிடித்த மீன் என்றால் என்ன என்று எனக்கு அந்தத் தட்டில்தான் புரிந்தது. நன்றாக மூன்று தடவை சோறு வாங்கினேன். பாய் மட்டும், "போதும் தம்பி, இனிமேதான் இருக்கு," என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பியதும் புரிந்தது. அவ்வளவு நேரமும் ஆடிக் காற்று என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது அதே கை நெஞ்சில். வயலில் பயிர் எல்லாம் என் பக்கம் சாய்ந்து படுத்தது. எங்கள் மலையில் ஒரு நியாயம் உண்டு. ஏறினால் கூலி கிடைக்கும், அடுத்த இறக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு போகலாம். இங்கே கூலியே கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மட்டம், ஒரே காற்று. காலையில் அசமந்தமாக வந்தவர்கள் அதே அசமந்தமாகப் பேசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். குறுவைப் பயிருக்கு எவ்வளவு உரம் போட்டார்கள் என்பது பேச்சு. எனக்கு மூச்சுவிடவே முடியவில்லை, பேச்சு எங்கே.

மயிலாடுதுறை வந்தபோது தொடை இரண்டும் கல். ஒரு டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். கண்டக்டர் என்னையும் சைக்கிளையும் பார்த்துவிட்டு, "நீங்க ஏறலாம், அது ஏற முடியாது," என்று விசில் ஊதிவிட்டார். கடைசியில் வாழை இலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டி யானை வேன்காரர் இரக்கப்பட்டார். இலைக் கட்டுகளுக்கு நடுவில் சைக்கிளைப் படுக்கவைத்து, பக்கத்தில் நானும் ஏறக்குறையப் படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்து வெளியே கை நீட்டினார். "அந்தக்கா உங்க கூட வந்தவங்களா சார்? இந்தக் காத்துல என்னமா மிதிக்கிறாங்க பாருங்க."

தேன்மொழி. முதுகு வளையாமல், வேகம் கூடாமல் குறையாமல், சந்தைக்குப் போகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். வெட்கத்தில் இலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இப்படி மிதிக்கிற கால் எந்த மலையையும் ஏறிவிடும்.

அன்று மாலையே நிமலைக் கூப்பிட்டேன். "இவர்கள் ஏறுவார்கள். நான்தான் ஏறுவேனா என்று தெரியவில்லை," என்றேன். அவன் சிரித்தான். சரி, உன் பாதையே இருக்கட்டும் என்றான். அடுத்து மல்லிகாவைக் கூப்பிட்டு, நம் ஊரில்தான் முடிவு என்று சொன்னேன். பாண்டுப் பிள்ளைகள் புதிதாக ஒரு மெட்டு பழகியிருப்பதாகச் சொன்னாள்.

அத்தோடு நான் ஊர் திரும்பியிருக்கலாம். நிமலுக்கு அனுப்ப ஒரு வீடியோ இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஏற்றம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "மேம்பாலம்தான்," என்றார் பாய். ரயில் பாதைக்கு மேலே போகிற மேம்பாலம் அது. இந்தப் பக்கத்தில் வண்டி ஏறக்கூடிய உயரம் என்றால் அது ஒன்றுதான். மறுநாள் விடியற்காலையில், போக்குவரத்து தொடங்குவதற்கு முன், குழு முழுவதும் அங்கே கூடியது. திரும்பத் திரும்ப ஏறினார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. நான் வீடியோ எடுத்துக்கொண்டே கத்தி உற்சாகப்படுத்தினேன்.

இறங்குவதையும் எடுக்கலாம் என்று கீழே போய் நின்றேன். பாலம் தரையைத் தொடுகிற இடத்தில் இடதுபக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது. அதன் ஓரத்தில் வாய்க்கால். பாய் கடையிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு பெரிய வளைவு வரைந்தேன். "இதுதான் பெரகலை. இங்க இடதுபக்கம் திரும்பி மண்ரோட்டுக்குள்ள வரணும்," என்று மேலே பார்த்துக் கத்தினேன். முதலில் தேன்மொழி வந்தார். காற்றில் முந்தானை படபடக்க, பெடலில் கால் அசையாமல், முகம் நிறையச் சிரிப்போடு வந்தார். வளைவுக்கு வந்தார். சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, மண்பாதையைக் குறுக்கே கடந்து, சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

முழங்கால் தண்ணீர், அடியில் சேறு. சேலை நனைய எழுந்து நின்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பெரகலை வளைவில் ரோட்டோரம் ஒரு குட்டிச் சுவர் உண்டு. அதற்கு அந்தப்பக்கம் வாய்க்கால் கிடையாது. மர உச்சிகள் தெரியும், அதற்கும் கீழே மூடுபனி. அப்படிப்பட்ட வளைவுகள் வரிசையாக எங்கள் ஊர் வரைக்கும் வரும்.

"ஏன் பிரேக் பிடிக்கல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"இறக்கத்துல யாருண்ணே பிரேக் பிடிப்பா? ஏறுன கூலி வீணாப் போயிராது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "இறக்கம் முடிஞ்சா ரோடு நேராத்தானே இருக்கும்?"

அவர் ஊரில் அப்படித்தான். ஆற்றுக்கரையிலிருந்து இறங்கினாலும், பாலத்திலிருந்து இறங்கினாலும், கீழே நீளமாக ஒரு ரோடு காத்துக்கொண்டிருக்கும். அதில் ஓடவிட்டுத்தான் வேகம் அடங்கும். என் ஊரில் இறக்கம் முடிகிற இடத்தில்தான் வளைவு தொடங்கும். ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து பார்த்தேன். தேன்மொழியின் பிரேக் கட்டை கடையில் வாங்கியது போலப் புதிதாக இருந்தது. பாயின் சைக்கிள் சார்ஜாவில் வாங்கியது, கட்டையில் கம்பெனி எழுத்துக்கூட அழியவில்லை. இன்னொருவர் டிபன் கேரியர் மாட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று முன் பிரேக்கையே கழற்றி வைத்திருந்தார். இவர்களால் ஏற முடியுமா என்று பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

தேன்மொழி கரையில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டே பேசினார். "எங்க ஊர்த் தேரை இழுக்கறதுக்கு ஊரே வரும்ணே. ஆனா மூலையில திருப்பறதுதான் கஷ்டம். முட்டுக்கட்டை போடறவரு திரும்பற எடத்துல வந்து போட மாட்டாரு. அதுக்கு முன்னாடியே சக்கரத்துக்கு அடியில கட்டையக் குடுத்து அடக்கிருவாரு. நான் மூலைக்கு வந்து கட்டையத் தேடியிருக்கேன்."

"அதேதான்," என்றேன். பிரேக்கைப் பற்றி இதைவிடச் சரியாக எனக்குச் சொல்ல வராது.

அன்று பகல் முழுக்கப் பாய் கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். தேன்மொழி சீக்கிரம் கற்றுக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பார்க்காத எத்தனையோ பேர் வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து, மன்னாரிலிருந்து, கொழும்பிலிருந்து. எல்லாம் தட்டையூர்க்காரர்கள். அவர்களுடைய பிரேக் கட்டையை யார் குனிந்து பார்ப்பது? வழி ஒன்றுதான் இருந்தது. ஓட்டத்தைத் தலைகீழாக்க வேண்டும். எங்கள் ஊரில் கிளம்பி அந்த வளைவுகளை ஏற வேண்டும். ஏறும்போது யாரும் பள்ளத்தில் போய் விழ மாட்டார்கள். ஹப்புத்தளையைத் தொட்டுவிட்டு, மெல்லச் சரியும் ரோட்டில் பண்டாரவளைக்குப் போய் முடிக்கலாம். ஏற்றம் பயங்கரம்தான். ஆனால் ஆடிக் காற்றில் மிதிக்கிறவர்களுக்கு அது பெரிதில்லை என்று என் தொடைகள் சாட்சி சொல்லின.

அப்படிச் செய்தால் முடிவுக்கோடு எங்கள் ஊரில் இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட யாரும் எங்கள் கடைத்தெருவில் நிற்க மாட்டார்கள். மறுபடியும் எங்கள் ஊர் எல்லோரும் விட்டுப்போகிற இடம். நெஞ்சு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாய்க்காலில் நின்று சிரித்த முகம் ஞாபகம் வந்தவுடன் நிமலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "உன் ஊர்க்காரர்களிடம் யார் சொல்வது?" என்று மட்டும் கேட்டான். நானே சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மல்லிகா கூப்பிட்டபோதெல்லாம் வஞ்சிர மீனைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்.

கிளம்புகிற நாள் காலையில் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த பாய் கைநிறைய வெற்றிலைக் கட்டும் காபித்தூளும் திணித்தார். "நீங்க மாத்துனது சரி தம்பி. எங்க வீட்டுல இப்பத்தான் போகச் சொல்லி உத்தரவு கெடைச்சிருக்கு," என்றார். ரயில் வரும் நேரத்தில் தேன்மொழி சைக்கிளில் வந்தார். ஸ்டேஷன் வாசலுக்குத் திரும்புவதற்கு வெகு முன்னாலேயே வேகத்தை அடக்கி, திரும்பி, என் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். மடியிலிருந்து இரண்டு பிரேக் கட்டைகளை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தன.

"அன்னையிலேர்ந்து பாலத்துலயே கெடந்து பிரேக் பிடிச்சுப் பழகுனேண்ணே. இப்பயாச்சும் பழைய வழியையே வைங்களேன். உங்க ஊர்ல முடிக்கணும்னு எவ்ளோ ஆசையா இருந்தீங்க. பாய் எல்லாம் சொன்னாரு."

"உங்களுக்காக மட்டும்னா வெச்சிருவேன். வர்றவங்க எல்லாருக்கும் ஒரு மேம்பாலம் கிடையாதே," என்றேன்.

"அப்ப ஏத்தம்தான் ரொம்பவா?"

"ரொம்ப. தரங்கம்பாடியிலேர்ந்து திரும்பி வர்ற மாதிரி."

"அவ்ளோதானா?" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். வயலில் ஆள் காத்திருக்கிறதாம்.

ரயில் நகர்ந்த பிறகு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று மல்லிகாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு பண்டாரவளையில், நம் ஊரில் கிளம்புவது மட்டும்தான் என்றேன். பாண்டுப் பிள்ளைகளிடம் நானே வந்து சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கோபப்படுவாளா, அழுவாளா என்று தெரியாமல் தேய்ந்த கட்டைகளைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"முடிக்கிற எடத்துக்கு எத்தன பேரு வந்து சேருவாங்க?" என்று கேட்டாள்.

"பாதிப் பேர் வந்தாலே பெரிய விசயம்."

"கெளம்புற எடத்துல?"

"எல்லாரும் இருப்பாங்க."

"அப்ப எல்லாருக்குமில்ல ரொட்டி சுடணும்? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். போனை வைக்காமலே யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மூட்டை மாவுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.